கலண்டர் அண்ணையும் மார்கழி அறுபத்துநாலும்

அறுபதுகளில் பிறந்து, ரொறன்ரோவில் குடியேறி, அறுபதாவது பிறந்தநாளுக்குக் கேக் வெட்டிய தமிழர்களில் கலண்டர் அண்ணையின் குறுக்கு விசாரணைக்குத் தப்பியவர் ஒருவரும் இல்லை. குடிவரவு அதிகாரியின் கேள்விகளுக்குக் கண் இமைக்காமல் பதில் சொன்ன மனிதர்கள்கூட இவருடைய கவுண்டருக்கு முன்னால் வியர்த்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

அவருடைய சொந்தப் பெயர் கடைக்கு வரும் ஹைட்ரோ என்னும் மின்சாரப் பில்லில் மட்டும் இருந்தது. ஊருக்கு அவர் கலண்டர் அண்ணை. மார்க்கம் வீதியில், ஒரு சேலைக் கடைக்கும் ஒரு மட்டன் ரோல்ஸ் கடைக்கும் நடுவில் அவருடைய அச்சகம். கலியாணக் கார்ட், மரண அறிவித்தல், கோயில் திருவிழா பனர் எல்லாம் அடிப்பார். உயிர் மட்டும் பிறந்த மாதப் பலகையில் இருந்தது. இங்கே அறுபதாவது பிறந்தநாளை வாடகைக்கு ஹோல் எடுத்துக் கொண்டாடுவது வழக்கம். வாசலில் ஆளுயரப் பலகை ஒன்று நிற்கும். இடப்பக்கம், கொண்டாடப்படுபவர் பிறந்த மாதத்தில் உலகத்தில் நடந்த பெரிய காரியங்கள். வலப்பக்கம், அதே மாதத்தில் பிறந்த பிரபலங்கள். நடுவில் பிறந்தநாள்காரர், இதற்கென்றே மை பூசிய மீசையோடு.

மற்ற அச்சகங்கள் இதை இணையத்தில் பார்த்துப் பத்து நிமிடத்தில் அடித்துக் கொடுத்தன. கலண்டர் அண்ணைக்குப் பத்து நாள் வேண்டும். எப்போதோ ஒரு நூலகம் பழைய பத்திரிகைக் கட்டுகளை எறிய வெளிக்கிட்டபோது, இவர் வேனைக் கொண்டுபோய் அள்ளி வந்திருக்கிறார். வேனில் அறுபதுகள் மட்டுமே கொள்ளுமளவு இடம் இருந்தது. எழுபதுகளுக்கு இரண்டாவது முறை போனபோது அவற்றை வேறு யாரோ கொண்டுபோய்விட்டார்கள். அன்றைக்கே அவருடைய உலகம் 1969-ஓடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அவருக்கு வதந்தி.

கடையில் இருப்பதற்குக் கதிரை கிடையாது. ஆண்டு எழுதி ஒட்டிய பத்திரிகைப் பெட்டிகள்தான் கதிரை. யாராவது கோப்பியோடு வசதியாக உட்கார்ந்திருக்கும் நேரம் பார்த்து வருவார். “கோவிக்காதையுங்கோ, நீங்கள் அறுபத்தேழில இருக்கிறியள். கொஞ்சம் அறுபத்தொண்டுக்குத் தள்ளி இருங்கோ” என்பார். ஆட்கள் கோப்பியைத் தூக்கிக்கொண்டு ஆறு வருடம் பின்னால் நகர்வார்கள்.

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது அங்கே பகுதிநேர வேலைக்குப் போனேன். எங்கள் பரம்பரையில் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் படித்து முடித்த முதல் ஆள் நான். இதைச் சந்தர்ப்பம் கிடைக்கும்போதெல்லாம் சொல்வேன், கிடைக்காவிட்டாலும் சொல்வேன். நேர்முகத்தில் அவரிடமும் சொன்னேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறந்த ஆண்டை மட்டும் கேட்டார். இரண்டாயிரத்து இரண்டு என்றேன். இறந்த வீட்டுக்கு வந்தவர்போல முகத்தை வைத்துக்கொண்டு, “பரவாயில்லை பிள்ளை, அதுக்கு நீர் என்ன செய்யிறது” என்றார். வேலை கிடைத்துவிட்டது.

பிரபலங்களின் பிறப்பு என்னுடைய பகுதி. பழைய பத்திரிகையில் அது இருக்காது. பிறக்கும் குழந்தை பிரபலமாகும் என்று எந்தப் பத்திரிகைக்காரனுக்கும் தெரிவதில்லை. ஆகவே நான் இணையத்தில் தேடி எடுத்துக் கொடுக்க, அவர் அந்த நாள் பத்திரிகையை ஒருமுறை புரட்டிப் பார்ப்பார். “பாத்தீரோ, இந்த மனிசி பிறந்த அண்டைக்கு இதுக்குள்ள ஒரு வரி இல்லை” என்று ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கண்டுபிடித்தவர்போலச் சொல்வார்.

விசாரணைக்கு வருகிறேன். யார் வந்து திகதி சொன்னாலும் அவருடைய முதல் கேள்வி ஒன்றுதான்: “உது கடுதாசித் திகதியோ, அம்மா சொன்ன திகதியோ?”

இந்த ஊர்க்காரருக்கு மட்டும் விளங்கும் கேள்வி அது. எங்களில் பாதிப் பேருக்கு இரண்டு பிறந்தநாள். ஒன்று பெற்றவள் சொன்னது. மற்றது, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரனின் அவசரத்திலோ, பள்ளிக்கூடத்தில் சேர்த்தவரின் கணக்கிலோ, யாருடையதோ பத்திரத்திலோ பிறந்து, இங்கே வந்து லைசென்ஸ்வரை ஏறிவிட்டது. எங்களுக்குத் தை என்றால் ஜனவரி, மார்கழி என்றால் டிசம்பர்; எங்களுடைய சனங்களில் தை மாதம் முதலாம் திகதி பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தால், அன்றைக்கு வடமாகாணத்து மருத்துவிச்சிகள் ஒருவரும் உறங்கியிருக்க முடியாது. கலண்டர் அண்ணை கடுதாசித் திகதிக்குப் பலகை அடிக்கமாட்டார். திகதி நிரூபணமாகும் வரைக்கும் வந்தவரை அண்ணை என்றோ தம்பி என்றோகூடக் கூப்பிடமாட்டார். யார் மூப்பு என்று தெரியாமல் உறவு கொண்டாடுவது ஒழுக்கமில்லை என்பது அவர் கட்சி.

ஒருமுறை யூனியன்வில்லில் இருந்து வீடு விற்கும் முகவர் ஒருவர் மனைவியோடு வந்தார். மூன்று கிழமையில் அறுபதாவது பிறந்தநாள். ஹோல் எடுத்தாகிவிட்டது, அழைப்பும் போய்விட்டது. கலண்டர் அண்ணை விசாரித்தார். பிறந்தபோது வீட்டில் மாடு இருந்ததா, கிணற்றில் தண்ணீர் எந்தப் படி வரைக்கும் நின்றது, கோயில் தேர் முடிந்துவிட்டதா? மனிதர் தடுமாறினார். உடனே கலண்டர் அண்ணை, ஊரில் இருந்த அவருடைய தாயாருக்கு வீடியோ கோல் போட வைத்தார். தாயார் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “உவன் நிலாவில ஆள் இறங்கின மாசம் பிறந்தவன். றேடியோவில அதைச் சொல்லிக்கொண்டிருக்கேக்கதான் எனக்கு வயித்துக்குத்து வந்தது.”

நிலாவில் மனிதன் இறங்கியது 1969 ஆடி. மனிதருக்கு ஐம்பத்தைந்துதான். கடுதாசியில் இருந்தது அண்ணனுடைய திகதி. அவர் தலையில் கை வைத்துக்கொண்டு அறுபத்துநான்கின் மேல் குந்திவிட்டார். மனைவி மட்டும் சந்தோஷப்பட்டார். “அஞ்சு வருசமா வயசு போட்டுது, முதுகு நோகுது எண்டு சொல்லி என்னைத்தான் ஸ்னோ தள்ள விட்டவர். இனித் தள்ளட்டும்.” கலண்டர் அண்ணை கடைசிவரை அறுபது என்று அடிக்க மறுத்தார். பெரிய பேச்சுவார்த்தைக்குப் பிறகு, “கடுதாசிப்படி 60” என்று அடித்துக் கொடுத்தார். அந்த ஹோலுக்கு வந்தவர்கள் அதைப் புதுப் பாஷன் என்று நினைத்து, அடுத்தடுத்த பிறந்தநாள்களுக்கு அப்படியே கேட்டார்கள்.

பிரபலங்களில் பேரம் பேச வருபவர்கள் தனி ரகம். சந்தையில் மீன் பார்ப்பதுபோல, “இதைவிட நல்ல நடிகை இல்லையோ?” என்பார்கள். ஒரு அன்ரி பிறந்த மாதத்தில் சதுரங்க வீரர் ஒருவரும் மருத்துவ விஞ்ஞானி ஒருவரும்தான் அகப்பட்டார்கள். ஒரு நடிகையை அடுத்த மாதத்தில் இருந்து எடுத்துப் போடும்படி அன்ரி கெஞ்சினார். கலண்டர் அண்ணை அசையவில்லை. கடைசியில் அன்ரி இறங்கி வந்து, “ஒரு வில்லனாவது தாங்கோ” என்றார். அதுவும் கிடைக்கவில்லை.

இப்படிப்பட்டவரிடம் என் அம்மா வந்து மாட்டிக்கொண்டாள்.

அம்மா மன்னார்க் கரையைச் சேர்ந்தவள். எழுதப் படிக்கப் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. மார்க்கம் நகரில் ஒரு தொழிற்சாலையில் சமோசா மடித்து என்னைப் படிக்க வைத்தவள். பிந்திப் பிறந்த ஒரே பிள்ளை நான். அம்மாவுக்கும் கடுதாசியில் தை முதலாம் திகதிதான். அதற்கு ஒருநாளும் கேக் வெட்டியதில்லை. உண்மையான நாளைக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள். படித்து, உழைத்து, அம்மாவுக்கு ஒரு அறுபதாவது பிறந்தநாள் செய்து பார்க்கவேண்டும் என்பது எனக்குப் பெரிய ஆசையாக இருந்தது. எந்த நாளில் செய்வது என்றுதான் தெரியாது.

ஒருநாள் வேலை முடிந்து என்னைக் கூட்டிப்போக வந்த அம்மா, வெளியே குளிர் என்று உள்ளே வந்தாள். கலண்டர் அண்ணை வழக்கமான கேள்வியைக் கேட்டார். அம்மா சிரித்து மழுப்பிப் பார்த்தாள். அவர் விடவில்லை. மெல்ல மெல்லக் கதை வெளியே வந்தது. பெரிய புயல் அடித்த மார்கழி. கடல் ஊருக்குள் வந்த இரவு. வள்ளத்தை இழுத்துக் கட்டப் போன அம்மாவின் தகப்பன் திரும்பி வரவில்லை. சனமெல்லாம் கோயிலுக்குள் ஒதுங்கியிருக்க, விடியப்புறம் அங்கேதான் அம்மா பிறந்தாள். தகப்பனைத் தின்றுவிட்டு வந்த பிள்ளை என்று உறவுக்காரர் சொல்லக் கேட்டே வளர்ந்தாள். எனக்கு இவ்வளவும் தெரியாது. இருபத்திரண்டு வருடம் கூட இருந்த என்னிடம் சொல்லாததை, கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்ற மனிதரிடம் ஐந்து நிமிடத்தில் சொல்லியிருந்தாள்.

“அந்த மாசத்தில சாவைத் தவிர வேற ஒண்டும் நடக்கேல்லை” என்றாள் அம்மா. “அதுக்கு ஏன் கேக்?”

கலண்டர் அண்ணை கோபப்பட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். அவருடைய வீட்டாரை யாரோ பேசிவிட்டதுபோல எழும்பினார்.

“எந்த மாசத்தைப் பற்றிக் கதைக்கிறியள்? மார்கழி அறுபத்துநாலையோ?”

அம்மா பயந்துபோய் என்னைப் பார்த்தாள்.

“அப்பான்ர பெயர் என்ன?” என்று கேட்டார்.

“சவிரியான்.”

அதை ஒரு துண்டில் எழுதி எடுத்துக்கொண்டு பெட்டிகளுக்குள் போய்விட்டார்.

அடுத்த மூன்று கிழமையும் கடையில் வேறு வேலை நடக்கவில்லை. கலியாணக் கார்ட்டுக்கு வந்த மாப்பிள்ளை ஒருவரைக் கூப்பிட்டு, 1964-இல் ஒஸ்லோவில் அமைதிப் பரிசு வாங்கிய கறுப்பினப் பாதிரியாரைப் பற்றி முக்கால் மணித்தியாலம் சொன்னார். மாப்பிள்ளை கார்ட்டை மறந்து வீட்டுக்குப் போய், திரும்ப வந்தார். என் பங்குக்கு நான் பிறப்புகளைத் தேடினேன். அள்ளிக் கொட்டியது. ஒரு ஹொலிவுட் நடிகை, ஒரு மல்யுத்த வீரர், புயலுக்கு மறுநாள், அம்மா பிறந்த அதே இருபத்துமூன்றாம் திகதி பிறந்த ஒரு றொக் பாடகர். வில்லன் கேட்ட அந்த அன்ரி இதைப் பார்த்திருந்தால் அழுதிருப்பார்.

அம்மாவுக்குச் சொல்லாமல் செய்யவிருந்த பிறந்தநாளுக்குப் பலகையை வடிவமைத்தது நான். பாப்பரசர் பம்பாய்க்கு வந்தது, கென்யா குடியரசானது, மாதக்கணக்காக வாய்ச்சண்டை பிடித்த கனடாப் பாராளுமன்றம் கடைசியில் சிவப்பு மேப்பிள் இலைக் கொடிக்கு வாக்களித்தது, எல்லாம் அழகாக வந்தன. புயலை மட்டும் விட்டுவிட்டேன். கலண்டர் அண்ணை கணினிக்கு முன்னால் குனிந்து நின்று பார்த்தார்.

“இருபத்திரண்டு, இருபத்துமூண்டு எங்க?”

“வேண்டாம் அண்ணை. அது அவவுக்குத் துக்கம். நல்ல நாளில ஏன் அதை?”

“மாசம் எண்டா முழுசாத்தான் இருக்கவேணும்.”

“அம்மாவுக்கு அது தெரியவும் வராது. நாங்கள் சொன்னால்தானே.”

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை.

“வாசிக்கத் தெரியாத மனிசிதானே எண்டு எடுத்துப்போட்டீர், என்ன பிள்ளை?”

எங்கள் பரம்பரையில் படித்து முடித்த முதல் ஆளுக்குக் கோபம் வந்தது. உங்கள் பலகையைக் கொண்டுவர வேண்டாம், நான் வேறு இடத்தில் அடிப்பேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வேறு இடத்துக்குப் போகவும் இல்லை. பஸ்ஸில் வரும்போதே அவர் சொன்னது சரி என்று தெரிந்துவிட்டது. ஆனால் அம்மா அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு எழும்பிப் போய்விட்டால், பிறகு ஒரு பிறந்தநாளுக்கும் அவளை நான் சம்மதிக்க வைக்க முடியாது. அந்தப் பயத்தில் சமாதானம் பேசாமல் இருந்துவிட்டேன்.

மார்கழி இருபத்துமூன்று ஒரு திங்கட்கிழமையில் வந்தது. இந்த ஊரில் பிறந்தநாள், பூப்புனித நீராட்டு விழா, எதுவென்றாலும் சனிக்கிழமைதான். முந்திய சனிக்கிழமைக்கு வைக்கலாமோ என்று அந்தச் சண்டைக்கு முன்னமே கலண்டர் அண்ணையிடம் ஒருமுறை கேட்டிருந்தேன். சனிக்கிழமை வைத்தால் அது சனிக்கிழமையின் பிறந்தநாளாக இருக்கும், உங்கள் அம்மாவுடையதாக இராது என்றிருந்தார். ஆகவே திங்கள் பின்னேரம், ஸ்காபரோவில் எங்கள் அடுக்குமாடியின் பார்ட்டி அறையில், வேலையால் நேரே வந்த இருபது பேர் கூடினார்கள். அம்மாவிடம் கிறிஸ்மசுக்கு முந்திய நத்தார்ச் சாப்பாடு என்று சொல்லி வைத்திருந்தேன்.

அம்மா வந்து ஐந்து நிமிடம் இருக்கும். கதவு திறந்தது. முதலில் பலகை வந்தது, பிறகு அதன் பின்னால் கலண்டர் அண்ணை, கோட் சூட்டில், ஸ்னோ ஒட்டிய சப்பாத்தோடு. என்னைப் பார்க்காமலே போய்ச் சுவரில் சாத்தி வைத்தார்.

“உது என்ன?” என்று அம்மா கேட்டாள்.

“நீங்கள் பிறந்த மாசம்” என்றார். “சாவைத் தவிர ஒண்டும் நடக்கேல்லை எண்டனீங்கள். கேளுங்கோ.”

செய்தி வாசிப்பவரைப்போலத் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார். பாப்பரசர் இந்தியாவுக்கு வந்தார் என்றதும் அம்மா தன்னை அறியாமல் சிலுவை போட்டாள். பாப்பரசர் ஒருவர் இந்தியாவில் கால் வைத்தது அதுதான் முதல் தடவை என்று அவர் அழுத்திச் சொன்னபோது, “அவ்வளவு கிட்டவோ வந்தவர்?” என்றாள். ஒஸ்லோவில் பரிசு. கென்யாவில் குடியரசு. கொடியைப் பற்றி வாசித்தபோது ஒரு அங்கிள், தானும் அந்தப் பாராளுமன்றத்தில் இருந்தவர்போலக் கை தட்டினார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வரி என்னவென்று எனக்குத் தெரியும்.

“இருபத்திரண்டாம் திகதி இரவு” என்றார் கலண்டர் அண்ணை. குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. “பெரும் புயல். பாக்குநீரிணையின் இரண்டு கரையிலும் கடல் ஊருக்குள் வந்தது. மன்னார்க் கரையில் வள்ளத்தைக் கட்டப் போன சவிரியான் திரும்பவில்லை.”

அம்மா எழும்பினாள். போகப் போகிறாள் என்றே நினைத்தேன். அவள் பலகைக்குக் கிட்டப் போனாள்.

“அப்பான்ர பெயர் இதில கிடக்கோ?”

“ஓம்.”

“எது?”

அவர் விரலால் காட்டினார். அம்மா அந்த எழுத்துகளைக் கையால் தடவிப் பார்த்தாள். மரண அறிவித்தல் இல்லை, பத்திரம் இல்லை, கல்லறையும் இல்லை. தகப்பனுடைய பெயர் எழுத்தில் எப்படி இருக்கும் என்று அறுபது வயதில் முதல் தடவையாகப் பார்க்கிறாள். பிறகு அவளுடைய கண் வலப்பக்கம் நகர்ந்தது. பிரபலங்களின் பிறப்பு. நடிகை, மல்யுத்த வீரர், றொக் பாடகர், அதற்குக் கீழே ஒரு வரி.

குடியுரிமைப் பத்திரத்தில் ஒப்பம் வைப்பதற்காக அம்மா தன் பெயரை எழுதப் பழகியிருந்தாள். அவளால் வாசிக்க முடிந்த ஒரே ஒரு சொல் அது. யாரும் காட்டாமல் அவளே கண்டுபிடித்தாள்.

“திரேசம்மா” என்று வாசித்தாள்.

இது நான் போட்டதில்லை. கலண்டர் அண்ணையைப் பார்த்தேன். அவர் சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “அந்த நடிகை பிறந்த அண்டைக்கும் பேப்பரில ஒரு வரி வரேல்லை, தங்கச்சி. நீரும் வரேல்லை. ரெண்டு பேருக்கும் ஒரே அளவு எழுத்துத்தான் போட்டிருக்கிறன்.”

தங்கச்சி. திகதி நிரூபணமாகிவிட்டது.

அம்மா கேக் வெட்டினாள். அழுதுகொண்டே வெட்டியதில் துண்டுகள் கோணல்மாணலாக வந்தன. கலண்டர் அண்ணை சாப்பிடாமல் பலகைக்குப் பக்கத்தில் நின்று, கொடிக்குக் கை தட்டிய அங்கிளின் திகதியை விசாரித்துக்கொண்டிருந்தார். அங்கிள் தெரியாமல் தை முதலாம் திகதி என்று சொல்லிவிட்டார். எல்லோரும் அந்த விசாரணையை வேடிக்கை பார்க்கப் போனதில் பாதிக் கேக் மிஞ்சிவிட்டது. கலண்டர் அண்ணை வெளிக்கிட்டபோது வாசல் வரைக்கும் கூடப் போய் மன்னிப்புக் கேட்டேன். “அது கிடக்கட்டும், இருபத்துமூண்டில பிறந்த வேற ஆக்களும் இருக்கினமோ எண்டு பாத்தனீரோ?” என்றார்.

அடுத்த நாள் நத்தாருக்குப் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்த அம்மா, மாவுக் கையோடு என்னைக் கூப்பிட்டுக் கடைக்குப் போன் போடச் சொன்னாள். தானாக யாருக்கும் போன் எடுக்காதவள். ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன்.

“அந்த நடிகை எனக்கு மூப்போ, இளமையோ?” என்று கேட்டாள்.

கலண்டர் அண்ணைக்கு இதைவிடப் பெரிய நத்தார்ப் பரிசை யாரும் கொடுத்திருக்க முடியாது. “மூப்பு, தங்கச்சி. பத்தொன்பது நாள்.”

அன்றிலிருந்து அந்த நடிகை ரிவியில் வந்தால், “எங்கட அக்கா கொஞ்சம் மெலிஞ்சிட்டா” என்று அம்மா கவலைப்படுகிறாள். பலகை எங்கள் வீட்டு ஹோலில், மாதா படத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. சோபா இடம் மாறியிருக்கிறது, பலகை மாறவில்லை.

நான் இப்போது மார்க்கத்தில் ஒரு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். ஞாயிறுகளில் அம்மா ஒரு பார்சல் கட்டித் தருவாள், அண்ணைக்கு என்று. கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு உடனே வந்துவிடலாம் என்றுதான் ஒவ்வொரு முறையும் காரை விட்டு இறங்குகிறேன். அவர் ஒரு பெட்டியைத் தூசி தட்டி எனக்கு இருக்கத் தருவார். எந்த ஆண்டு என்று நான் பார்ப்பதில்லை. கோட்டைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.